ரீடு சுவிட்சில் ஒரு மின்னணு செஸ் பலகை

எந்தக் கட்டத்தில் காய் இருக்கிறது என்று தானே அறியும் பலகையை வீட்டில் செய்ய மலிவானது ரீடு சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் உள்ளே இரு தகடுகள் ஒட்டி மின்சாரத்தை விடும் கண்ணாடிக் குழாய்) வழிதான். ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு காந்தம், ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஒரு சுவிட்ச். ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சிப்) வைத்தால் 64 சென்சாருக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். காந்தத்தின் எந்த முகம் கீழே என்ற கவலை வேறு. ரீடு சுவிட்சுக்கு இரண்டும் கிடையாது.

தேவையானவை: 14 மி.மீ. கண்ணாடிக் குழாயுள்ள ரீடு சுவிட்ச் 70 (சில உடையும்), 1என்4148 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) 64, ஆர்டுயினோ நேனோ (நிரல் ஏற்றும் சிறு கட்டுப்பாட்டு அட்டை) ஒன்று, 10×3 மி.மீ. நியோடிமியம் காந்தம் 34 (கூடுதல் ராணிகளுக்கும் சேர்த்து). கட்டம் 50 மி.மீ., மேல்பலகை 3 மி.மீ. பிளைவுட். எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) ஈரத்தில் உப்பிவிடும், வேண்டாம்.

சுவிட்சை மேல்பலகையின் அடியில், கட்டத்தின் நட்டநடுவில் படுக்க வைத்தால் காய் சரியாக நடுவில் நிற்கும்போதுதான் தெரியாமல் போகும். வட்டக் காந்தம் குழாயின் மையத்துக்கு நேர்மேலே வந்தால் உள்ளே சந்திக்கும் இரு தகடுகளின் நுனிகளும் ஒரே துருவமாகி ஒட்டாது. அதனால் எல்லாச் சுவிட்சையும் அதனதன் நீளவாக்கில் ஒரே பக்கமாக 8 முதல் 10 மி.மீ. தள்ளி வையுங்கள். முதலில் ஒரே ஒரு கட்டத்தில் மல்டிமீட்டர் பீப் ஒலியோடு காந்தத்தை நடுவைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். ஒலி விட்டுப்போனால் இடத்தைத் திருத்திவிட்டு மற்றதை ஒட்டலாம்.

கம்பியை மடக்கும்போது கண்ணாடிக்கும் மடிப்புக்கும் இடையில் நோஸ் பிளையரால் பிடிக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து 3 மி.மீ.யாவது விடுங்கள். மயிரிழை விரிசல் விட்ட சுவிட்ச் அன்றைக்கு வேலை செய்யும், பிறகுதான் படுத்தும். சூப்பர் குளூவும் ஆகாது: பலகை வளைந்தால் கண்ணாடியும் வளைய வேண்டிவரும். நியூட்ரல் சிலிக்கான் ஒரு துளி போதும்.

டயோடில் மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் காய் இருந்தாலே காலியான நான்காவதிலும் இருப்பதாகக் காட்டும். வரிசைக் கம்பி, சுவிட்ச், டயோடு, நெடுவரிசைக் கம்பி என்று போகட்டும். டயோடின் கறுப்புப் பட்டை நெடுவரிசைப் பக்கம். வரிசைகள் நேனோவின் டி2 முதல் டி9 வரையிலான பின்களில், இன்புட் புல்லப் (சுவிட்ச் மூடாதவரை உள் மின்தடை ஹை நிலையில் வைத்திருக்கும் உள்ளீடு). நெடுவரிசைகள் டி10, டி11, டி12, ஏ0 முதல் ஏ4 வரை. ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையை மட்டும் லோ (0 வோல்ட்) ஆக்கி, மற்றவற்றை இன்புட்டாக விடுங்கள். டி13இல் நேனோவின் எல்.இ.டி. தொங்குவதால் புல்லப் சரியாக நிற்காது, அதை விட்டுவிடலாம்.

காயின் அடியில் எடைக்காக இரும்பு நட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், காந்தப்புலத்தை அது இழுத்துக்கொள்ளும். காந்தம் அடிப்பரப்போடு சமமாக இருக்கட்டும், அதன்மேல் மெல்லிய ஃபெல்ட் துணி.

இந்தப் பலகைக்குக் காய் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே தெரியும், எந்தக் காய் என்று தெரியாது. ஆட்டத் தொடக்க நிலையிலிருந்து நிரல்தான் கணக்கு வைக்க வேண்டும். யானையை இழுத்து நகர்த்தினால் வழியிலுள்ள கட்டங்களெல்லாம் மின்னி மறையும். அரை விநாடி மாறாமல் நின்ற நிலையை மட்டும் எடுத்து, விதிப்படியான நகர்வுகளோடு ஒப்பிடுங்கள். சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் ராணி என்று வைத்துக்கொண்டு, வேறு காய்க்கு ஏ5இல் ஒரு பொத்தான் போட்டுவிடலாம். அடிப்பலகையை ஒட்டாமல் திருகாணியால் மூடுங்கள். பழுது பார்க்கத் திறக்கத்தான் வேண்டியிருக்கும்.