பிடியில்லாத டிபன் கேரியர் அடுக்கில் ஒரு கேக்: காரைக்குடியில் வாங்கியது, ஊட்டி ரயிலில் தின்றது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பழைய பொருள் கடைகளைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம். போன மே மாதம் நானும் "சும்மா பார்த்துவிட்டு வருவோம்" என்றுதான் போனேன். ஒரு கடை வாசலில், ஓடாத கடிகாரத்துக்கும் கால் உடைந்த முக்காலிக்கும் நடுவில், எனாமல் டிபன் கேரியரின் ஒற்றை அடுக்கு ஒன்று கிடந்தது. வெளியே வெளிர்ப் பச்சை, உள்ளே வெள்ளை. மூடி இல்லை, பிடி இல்லை, கூடப் பிறந்த மற்ற அடுக்குகளும் இல்லை.

"அக்கா, முழு செட்டு உள்ள இருக்கு. அத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கேக் சுடப் போறேன் தம்பி."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே விலை பாதியாக இறங்கியது. முழு செட்டைத் தேடி வருகிறவர்கள் அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள். அவர்களுக்கு ஒற்றை அடுக்கு வேண்டாம். கேக்குக்கோ அந்த ஒன்று போதும்.

ஓவன் இல்லாதவர்கள், இதுவரை கேக்கே சுட்டுப் பார்க்காதவர்கள், லீவுக்கு எங்கேயாவது ரயில் ஏறப் போகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிரீம், அலங்காரம் எதுவும் கிடையாது. மே மாத ரயிலில் கிரீம் கேக் கொண்டுபோவது ஐஸ்கட்டியை மடியில் கட்டிக்கொண்டு போவது மாதிரி.

படி 1: பாத்திரம் பார்த்து வாங்குவது

செட்டிநாட்டு வீடுகளில் எனாமல் எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று கேட்டால், கதை கடல் கடந்து போகும். பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித்தொழிலுக்கும் வணிகத்துக்கும் போன நகரத்தார் திரும்பும்போது பர்மாத் தேக்கோடு பீங்கானும் எனாமலும் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரிலும் இவை அடுக்கடுக்காகப் போயின. வீடுகள் பங்கு பிரிந்தபோதும் இடிபட்டபோதும் அந்தச் சாமான்களில் ஒரு பகுதி இந்தத் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. அடியில் சுவீடன், ஜப்பான் என்று முத்திரை உள்ளவையும் கிடைக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். வீட்டில் எந்த இட்லிப் பானையில் கேக் சுடப் போகிறீர்களோ, அதன் உள்வாய் அகலத்துக்கு ஒரு நூலை வெட்டிப் பர்ஸில் வையுங்கள். வாங்கும் அடுக்கு, அதன் பக்கவாட்டுக் காதுகளையும் சேர்த்து, அந்த நூலைவிட நான்கு விரற்கடையாவது சின்னதாக இருக்க வேண்டும். சுற்றிலும் சூடான காற்று ஓட இடம் வேண்டுமே. என்னுடையது 15 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். கீழே சொல்லியிருக்கும் அளவெல்லாம் அதற்குத்தான்.

கடையில் பார்க்க வேண்டியது இது. எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு. அதனால் காந்தம் ஒட்டும். நகத்தால் சுரண்டினால் எதுவும் வரக் கூடாது. நகத்தில் வண்ணம் வந்தால் அது மேலே பெயின்ட் அடித்து மினுக்கியது, கீழே வைத்துவிடுங்கள். அடுத்து பாத்திரத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கி உள்ளே கண்ணை வையுங்கள். அடியில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. விளிம்பில் கொஞ்சம் பூச்சு பெயர்ந்து கறுப்பாகத் தெரிவது பரவாயில்லை. உட்பக்கம் பெயர்ந்திருந்தால் சமையலுக்கு வேண்டாம், மணிபிளான்ட் வைக்கலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய எனாமல் வண்ணங்களில் காரீயமும் காட்மியமும் இருந்திருக்கக்கூடும், முக்கியமாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில். ஆகவே உட்பக்கம் வெள்ளையாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். அப்படி இருந்தாலும் மாவு பாத்திரத்தில் படாமல் காகிதம் போட்டே சுடுங்கள். தயிர், ரசம், ஊறுகாய் மாதிரிப் புளிப்பு எதையும் அதில் வைக்க வேண்டாம். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் பாட்டி காலத்து எவர்சில்வர் கேரியர் அடுக்கு இருக்கவே இருக்கிறது, அதிலும் இதே கேக் அச்சாக வரும். பித்தளை அடுக்கு மட்டும் வேண்டாம். உள்ளே ஈயம் பூசியிருந்தால் அந்தப் பூச்சு 232 டிகிரியில் உருகிவிடும். அடுப்பு மேல் வைத்த பானைக்குள் எத்தனை டிகிரி என்று நமக்கு யார் சொல்வது?

படி 2: கழுவுவது

வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு ஊறவைத்து, மெல்லிய பஞ்சால் தேய்த்தால் போதும். கறை போகவில்லையா, சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். கம்பி நார் கூடாது, கீறிவிடும்.

என் முதல் கேக் முடிந்ததும் ஆர்வக்கோளாறில் சூடான அடுக்கைக் குழாயடியில் நீட்டினேன். 'பட்' என்று ஒரு சத்தம். வெளிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சை தெறித்துப்போனது. இரும்பும் கண்ணாடியும் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லை. திடீரென்று குளிர்ந்தால் கண்ணாடி விட்டுக்கொடுக்காது. எழுபது எண்பது வருஷம் தாங்கிய பாத்திரத்தை நான் ஒரே நாளில் அடித்தேன். முழுக்க ஆறிய பிறகு கழுவுங்கள்.

படி 3: மாவு

ஒரு கேக்குக்கு வேண்டியது: மைதா 120 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை 2, வாசனையில்லாத எண்ணெய் 75 மி.லி., பால் 50 மி.லி., பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன் தலைதட்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் நான்கு.

வெண்ணெய் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். வெண்ணெய்க் கேக் உப்புவதே, வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது அதற்குள் சிக்கும் காற்றினால்தான். அதற்கு வெண்ணெய் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில், சுமார் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர் மே மாத அடுக்களையில் அது ஐந்து நிமிடத்தில் நெய்யாக ஓடும். எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை. கேக் இரண்டாம் நாளும் மெத்தென்றே இருக்கும், பயணத்துக்கு அதுதான் வேண்டும். வாசனைக்கு ஆசைப்பட்டால் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி குறைத்து நெய் ஊற்றுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதலில் பட்டர் பேப்பரில் அடிக்கு ஒரு வட்டமும் பக்கத்துக்கு ஒரு பட்டையும் வெட்டி, எண்ணெய் தொட்டு ஒட்டுங்கள். பட்டை விளிம்புக்கு மேலே இரண்டு விரல் நிற்கட்டும், கேக்கைத் தூக்கி எடுக்க உதவும்.

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். வேறொரு பாத்திரத்தில் முட்டையும் சர்க்கரையும் போட்டு விஸ்க்கால் அடியுங்கள். மஞ்சள் வெளுத்து நுரை கூடும்வரை கையால் அடித்தால் ஐந்தாறு நிமிடம். கை வலிக்கும், நிறுத்த வேண்டாம். இந்தக் கேக்கில் உழைப்பு இந்த இடத்தில் மட்டும்தான். பிறகு எண்ணெயை நூலாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள். பால், ஏலப்பொடி சேருங்கள்.

மைதாவைப் போட்ட பிறகு அடிக்கக் கூடாது. மூன்று தடவையாகப் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணில் படாமல் ஆனதும் நிறுத்துங்கள். பரோட்டா மாவைப் பிசையப் பிசைய ஏன் இழுபடுகிறது? மைதாவின் புரதம் வலையாகப் பின்னிக்கொள்வதால். பரோட்டாவுக்கு அது பலம், கேக்குக்கு அது ரப்பர். மாவு தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழும். அடுக்கில் பாதிக்கு மேல் போக வேண்டாம்.

முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு முட்டைக்குப் பதிலாக 120 மி.லி. புளிக்காத தயிரும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்க்கலாம். கேக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும்.

படி 4: பானையில் சுடுவது

மாவைக் கலக்கும் முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுங்கள். கலந்து வைத்த மாவு காத்திருக்காது, பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும்.

அடி கனமான பழைய இட்லிப் பானையில் இரண்டு கப் கல்லுப்பைப் பரப்புங்கள். நடுவில் ஒரு ஸ்டாண்டு. இல்லாவிட்டால் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம். மூடி போட்டு நடுத்தரத் தீயில் 10 நிமிடம். உப்பு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தீ நேராக ஓரிடத்தில் சுடாமல் பரத்திக் கொடுக்கும். கடற்கரை மணலும் இதையே செய்யும், ஆனால் அதைக் கழுவிக் காயவைக்கும் பொறுமை எனக்கில்லை. நான்ஸ்டிக் பானையைத் தொட வேண்டாம். குக்கரில் சுடுவதானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும்.

அடுக்கை இரண்டு முறை மேடையில் தட்டிப் பெரிய குமிழிகளை விரட்டிவிட்டு, இடுக்கியால் ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். மூடி. தீயைக் குறையுங்கள். 30 நிமிடம் திறக்கவே கூடாது. எட்டிப் பார்க்கும் ஆசையில்தான் பாதிக் கேக்குகள் நடுவில் குழி விழுகின்றன. உள்ளே இன்னும் இறுகாத நேரத்தில் சூடு வெளியேறினால் உப்பியது அமுங்கிவிடும்.

30 நிமிடத்துக்குப் பிறகு ஒரு தடவை திறந்து மூடியில் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிட்டு உடனே மூடுங்கள். 40 நிமிடம் ஆனதும் நடுவில் ஈர்க்குச்சியைச் செருகிப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லாமல் வந்தால் முடிந்தது. இல்லையா, இன்னும் ஐந்து ஐந்து நிமிடமாக. என் அடுப்பில் 45 நிமிடம் ஆகிறது. உங்கள் அடுப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

மேல்பக்கம் பொன்னிறமாக வராது, வெளுப்பாகவே இருக்கும். பானையில் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. அந்தக் காலத்தில் மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டது இதற்காகத்தான். கேஸ் அடுப்பில் அது முடியாது. நான் சூட்டோடு சூடாகக் கேக்கைக் கவிழ்த்துவிடுகிறேன், சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடும். யாருக்கும் தெரியாது.

உப்பை ஆறவிட்டு டப்பாவில் எடுத்து வையுங்கள். அடுத்த கேக்குக்கு ஆகும், சாம்பாருக்கு ஆகாது. அலுமினியப் பானையிலேயே விட்டுவைத்தால் ஈரம் பட்டுப் பானையை அரித்துவிடும்.

படி 5: மூட்டை கட்டுவது

அவசரப்பட்டுச் சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து, மறுநாளே நூல் விடும். குறைந்தது மூன்று மணி நேரம் ஆற வேண்டும். எட்டுத் துண்டாக வெட்டி, வட்டம் கலையாமல் புதுக் காகிதம் போட்ட அதே அடுக்கில் திரும்ப வையுங்கள். மூடிக்கு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, துண்டில் வைத்து நான்கு முனையையும் முடிச்சுப் போட்டால் தூக்கிக்கொண்டு போகப் பிடியும் வந்துவிட்டது. வெயில் காலத்தில் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாளுக்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் முதல் பயணம் ஊட்டிக்கு. இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில், 46 கி.மீ. போக நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருக்கை கிடைப்பதுதான் பாடு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது, மே மாதத்துக்கு அன்றைக்கே உட்கார்ந்து போடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், துண்டு மூட்டை அங்கே இன்னும் சௌகரியம்.

கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்சட்டத்தை எஞ்சின் கடித்துக்கொண்டு ஏறத் தொடங்கும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லாரும் இறங்கி டீ வாங்குவார்கள். மூட்டையை அங்கே பிரித்தோம். எதிர் இருக்கைத் தாத்தா ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, கேக்கை விட்டுவிட்டுப் பாத்திரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அம்மா இதுல பலகாரம் வெச்சிருந்தாங்கம்மா" என்றார். ஜன்னலை மூடிவிட்டுப் பிரியுங்கள். குரங்கு ஒன்று என் பங்கை அப்படியே கொண்டுபோனது.

திரும்பும்போது அடுக்கைக் காலியாகக் கொண்டுவராதீர்கள். ஊட்டி வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டைப் பையில் போட்டால் வீடு வருவதற்குள் தூளாகிவிடும். இதில் அடுக்கி, தட்டைக் கவிழ்த்துக் கட்டினால் ஒன்றுகூட உடையாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கி அது, தூளாகக் கொண்டுவந்தால் வீட்டில் திட்டு விழும்.