பிரையஸ் பிரைம்: ப்ளக்கா, பெட்ரோலா?

டொயோட்டாவின் பிரையஸ் பிரைம் ப்ளக்கில் சார்ஜ் செய்தும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். அமெரிக்காவில் விற்ற 2017–2022 மாடலின் பேட்டரி 8.8 யூனிட். அதை முழுதாகக் காலியாக்க கார் விடாது. 25 மைல் ஓட, சார்ஜிங் இழப்பும் சேர்த்து, சுவரிலிருந்து இழுப்பது சுமார் 6.25 யூனிட். காலனுக்கு 54 மைல் என்றால் அதே தூரத்துக்கு பெட்ரோல் 0.46 காலன்.

ஆகவே காலன் விலையை 13.5-ஆல் வகுங்கள். உங்கள் யூனிட் கட்டணம் அதைவிடக் குறைவா? ப்ளக்கில் மாட்டுங்கள். காலன் 4 டாலர் என்றால் எல்லை சுமார் 30 சென்ட். கலிஃபோர்னியாவில் பல வீடுகளுக்கு பெட்ரோலே மலிவு! கரண்ட் பில்லில், மின்சாரத்தை வீடு வரை கொண்டுவருவதற்கான டெலிவரி கட்டணத்தையும் யூனிட் கட்டணத்தோடு கூட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இரவில் கட்டணம் குறைவென்றால் டைமர் வையுங்கள். 120 வோல்ட்டில் ஐந்தரை மணி நேரம் ஆகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகும், வேண்டாம். அதே சர்க்யூட்டில் ஹீட்டர் ஓடினால் பிரேக்கர் விழும்.