மழைக்கும் மறதிக்கும் தப்பி: மலையகத்தில் உதவிச் சாதனக் களஞ்சியம் வைப்பது எப்படி

கோயில் சபையோ, இளைஞர் மன்றமோ, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களோ மனம் வைத்தால் ஒரு லொறி நிறைய வீல்செயாரும் வோக்கரும் ஊன்றுகோலும் வந்து இறங்கிவிடும். தேவைப்படுபவர்களுக்கு இரவலாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்கும் களஞ்சியத்துக்குச் சாமான் சேர்வது பெரிய காரியமில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நல்ல வீல்செயார் ஒன்றுக்கு வலது கால்தட்டைக் காணோம், இன்னொன்றின் இருக்கையில் பூஞ்சணம், வெளியே போனது பன்னிரண்டா பதினைந்தா என்று இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. களஞ்சியம் கெடுவது இந்த இரண்டு வழியில்தான்: ஈரம் சாமானைத் தின்னும், எழுதாத கை கணக்கைத் தின்னும்.

இடம்

தோட்டத்து உரக் களஞ்சியத்தில் ஒரு மூலையைத் தருகிறோம் என்று யாராவது நல்ல மனதோடு சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த உப்புத் தூசு படிந்த இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும், குரோம் பூச்சு கொப்புளித்து உரியும். மருந்து தெளிக்கும் சாமான்கள் இருக்கும் அறையும் வேண்டாம். பாவனையில் இல்லாத பிள்ளைமடுவம் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), வாசகசாலை, கோயில் மடத்தின் ஓர் அறை ஆகியவை தோதானவை. வாசலுக்குப் பக்கத்தில் ஆட்டோ வந்து நிற்க வேண்டும். ஐம்பது படி ஏறிப்போகும் அறையில் வீல்செயார் வைத்தால் அதை எடுக்க வருபவர் யார் என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

தகரக் கூரை என்றால் இன்னொரு தொல்லை உண்டு. இரவுக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்து நிற்கும். காலை வெயில் பட்டதும் சொட்டத் தொடங்கும். அதைக் கூரை ஒழுக்கு என்று நினைத்து நல்ல தகரத்தை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். மழை இல்லாத காலையிலும் சொட்டினால் அது ஒழுக்கு அல்ல. சீலிங் அடிக்க வசதியில்லாவிட்டால், கூரைக்கு ஓர் அடி கீழே படங்கு ஒன்றைச் சாய்வாக இழுத்துக் கட்டி, அதன் தாழ்ந்த ஓரத்தைச் சுவருக்கு வெளியே விடுங்கள்.

ஆனால் சாமானைப் பிளாஸ்டிக் தாளால் சுற்ற வேண்டாம். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே போகாமல் துணியிலும் போல்ட்டிலும் படியும். பழைய பெட்ஷீட் போதும். தூசும் தடுக்கும், காற்றும் போகும். சுவரின் மேலே ஒன்றும் எதிர்ச்சுவரின் கீழே ஒன்றுமாகக் காற்றுத் துவாரம் வைத்து எலி நுழையாத கம்பி வலை அடியுங்கள். எலிக்கு மெத்தைப் பஞ்சு என்றால் உயிர். தரையிலிருந்து 10 சென்டிமீற்றர் உயரத்தில் செங்கல்லும் பலகையும், சுவரிலிருந்து 15 சென்டிமீற்றர் இடைவெளி. இவ்வளவுதான் தட்டு வேலை.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே பெயின்ட் பூசுவது, மெத்தை காயப்போடுவது எல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த காலத்துக்குள் முடிய வேண்டும். பதுளை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் வருட இறுதியில் மழை கனக்கும்; ஜூலை, ஆகஸ்டில் அடிக்கும் உலர்காற்றுதான் அவர்களுக்கு வாய்ப்பு. வருடாந்தக் கணக்கெடுப்பையும் அந்தந்தக் காய்ந்த மாதத்திலேயே வைத்தால் ஒரே நாளில் இரண்டு வேலையும் ஆகும்.

வந்தவுடன்

அறையை நான்காகப் பிரியுங்கள்: வந்தது, கழுவியது, திருத்த வேண்டியது, கொடுக்கத் தயார். சுண்ணாம்புக் கோடு போட்டாலும் போதும். முதல் பகுதி மட்டும் வாசலுக்கு வெளியே, இஸ்தோப்பில் இருப்பது நல்லது. காரணம் மூட்டைப்பூச்சி. இருக்கைத் துணியின் தையல் மடிப்பு, மெத்தை உறையின் சிப் ஓரம், கைதாங்கியின் ஸ்க்ரூ குழி, இந்த மூன்று இடத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே விடக்கூடாது. நம் ஊர் வெயிலில் போட்டால் பூச்சி சாகாது, நிழலுக்கு நகரும். கழற்றக்கூடிய துணியைக் கொதிநீரில் ஊற வைத்து, கழற்ற முடியாத மடிப்புகளில் கொதிக்கும் கேத்தல் நீரை மெதுவாக ஊற்றுங்கள். பேரிங்கில் மட்டும் படக்கூடாது.

பிறகு சவர்க்கார நீரால் கழுவுதல். அழுக்கு போகாமல் குளோரின் பூசிப் பயனில்லை. போத்தலில் 5 வீதம் என்று இருக்கும் குளோரின் திரவமானால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். அதாவது ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர். துடைத்து 10 நிமிடம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். அப்படியே விட்டால் அலுமினியம் கறுக்கும், இரும்பு அரிக்கும். மலம், இரத்தம் பட்ட இடத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. குளோரினை மலசலகூடம் கழுவும் அசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

சிறுநீர் ஊறிய ஸ்பொஞ்ச் மெத்தையைக் கழுவி எடுக்க முடியாது, எறியுங்கள். காது கேட்கும் கருவியின் காது அச்சும், ஒருவருக்கென்றே வார்த்த செயற்கைக்காலின் குழியும் இன்னொருவருக்குப் போகாது. கமோட் கதிரைக்குப் புதிய வாளி போடுங்கள்.

எண்

ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண். வீல்செயாருக்கு வீ-001, வோக்கருக்கு வோ-001, ஊன்றுகோல் சோடிக்கு ஊ-001. வருடம், தோட்டம், கொடுத்தவர் பெயர் என்று எதையும் எண்ணுக்குள் திணிக்க வேண்டாம். அதெல்லாம் கொப்பியில் இருக்கும். கழித்த சாமானின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

ஸ்டிக்கர் நம் ஈரத்தில் நிற்காது. உலோகத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பெயின்ட் மார்க்கரால் எழுதி, காய்ந்தபின் நிறமில்லாத கியூடெக்ஸ் (நகப்பூச்சு) இரண்டு பூச்சு. வீல்செயாரில் இருக்கைக்கு அடியில், குறுக்காக மடியும் சட்டத்தில் எழுதுங்கள். அது கழன்று போகாது. குழாயில் துளை போட்டுத் தகடு ஆணியடிக்கும் பழக்கம் வேண்டாம், பளு தாங்கும் குழாய் அந்தத் துளையில்தான் வெடிக்கும். தகடு வேண்டுமென்றால் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். தகட்டில் எண்ணும் ஒரு தொலைபேசி இலக்கமும், தேவை முடிந்ததும் மிஸ்ட் கோல் கொடுக்கவும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரியும்.

இதைவிட முக்கியமானது, கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்திலும் அதே எண்ணை எழுதுவது: இடது கால்தட்டு, வலது கால்தட்டு, இரண்டு கைதாங்கி, மெத்தை. ஒரு கம்பெனியின் கால்தட்டு இன்னொன்றின் கொக்கியில் உட்காராது. ஆட்டோவில் ஏற்றக் கழற்றும்போதுதான் இவை தொலைகின்றன. கால்தட்டு இல்லாத வீல்செயாரில் இருப்பவரின் கால் கல்லில் இடிபடும், கடைசியில் யாரும் அதைப் பாவிக்க மாட்டார்கள். களஞ்சியத்தில் கழற்றிய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு அதே சட்டத்தில் கட்டி வையுங்கள். தனிப் பெட்டி வைத்தால் ஒரு வருடத்தில் அது ஒற்றைக் கால்தட்டுகளின் மயானம்.

கொப்பி

தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து ஒரு சாமானுக்கு ஒரு பக்கம் விடுங்கள். மேலே மாறாத விபரம், கீழே நடந்ததெல்லாம் ஒரு வரிக்கு ஒன்று. மேல்பகுதி இப்படி இருக்கும்: வீ-041. மடியும் இரும்புச் சட்டம். இருக்கை 18 அங்குலம், மொத்த அகலம் 26 அங்குலம். பின்டயர் 37-540 (டயரில் அச்சிட்ட அளவு), காற்றடிப்பது. கால்தட்டு 2, கைதாங்கி 2, மெத்தை 1. கீழே திகதி, என்ன நடந்தது, யார் கையெழுத்து: வந்தது, கழுவியது, முன்சக்கர பேரிங் மாற்றியது, போனது, பார்த்தது, திரும்பியது. போனபோது எத்தனை பாகம், திரும்பியபோது எத்தனை பாகம் என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

மொத்த அகலத்தை எழுதச் சொல்வது சும்மா இல்லை. லயங்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கதவுகள் ஒரே அளவானவை அல்ல. கேட்டு வருபவரிடம் கதவின் உள் அகலத்தை நூல் பிடித்து அளந்து வரச் சொல்லுங்கள். நூலைக் கொண்டுவந்தாலே போதும். இருக்கை அகலம் இடுப்பு அகலத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கட்டும். பெரிய வீல்செயாரில் சிறிய உடம்பு ஒரு பக்கம் சரிந்தே உட்காரும்.

முகவரி எழுதும்போது தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடக்கூடாது. டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லய இலக்கம், காம்பரா (அறை) இலக்கம், கூடவே அயலவர் ஒருவரின் தொலைபேசி. ஒரே டிவிசனில் மூன்று ராமாயி, நான்கு பெருமாள் இருப்பார்கள். நோயின் பெயரை எழுதத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. அளவு இருந்தால் நமக்கு வேலை நடக்கும். வீல்செயாரில் உட்கார வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடும் வழக்கமும் வேண்டாம்.

கணினி அட்டவணை வைப்பவர்கள் வைக்கலாம். ஆனால் சிக்னல் இல்லாத டிவிசனில் கையெழுத்து வாங்குவது கொப்பியில்தான், ஆகவே கொப்பியே மூலம். வாரம் ஒருமுறை பக்கங்களைப் போனில் படமெடுத்து வேறொருவருக்கு அனுப்பினால் கொப்பி நனைந்தாலும் கணக்கு இருக்கும்.

கொடுக்குமுன் பார்ப்பது: பிரேக்

மலையில் மற்றெதையும்விட இதில் நேரம் செலவழியுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று வரும் வீல்செயாரில் பெரும்பாலும் பிரேக்கில் குறை இருக்காது, டயரில் காற்று இருக்காது. நெம்பை இழுத்தால் ஓர் உலோகத் துண்டு டயரை அமுக்கும், அதுதான் பிரேக். டயர் தளர்ந்தால் அந்தத் துண்டு சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். சமதரையில் தெரியாது, லயத்து வாசல் சரிவில் ஆளோடு உருளும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குக் காற்று அடியுங்கள். பிறகு நெம்பைப் பூட்டினால் டயர் 3, 4 மில்லிமீற்றராவது உள்ளே அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் பிரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டை அலன் கீயால் தளர்த்தி, சக்கரத்தை நோக்கி நகர்த்தி இறுக்குங்கள். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை இருக்கையில் கட்டி, சீமெந்துச் சரிவில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் திருத்தும் பகுதிக்கே திரும்பட்டும்.

களஞ்சியத்தில் இருக்கும்போது மட்டும் பிரேக்கைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் டயரில் பள்ளம் விழும்.

டயர் மாற்றும்போது சைக்கிள் கடையில் 24 அங்குலம் என்று மட்டும் கேட்டால் பிழையாகிவிடும். ரிம் விட்டத்தை மில்லிமீற்றரில் பார்த்தால் மலைச் சைக்கிளின் 24 அங்குலம் 507, வீல்செயாரில் அதிகம் காணும் 24க்கு 1 3/8 என்பது 540. பார்வைக்கு ஒன்றுதான், ரிம்மில் ஏறாது. பழைய டயரில் உள்ள 37-540 போன்ற எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். முன்சக்கரம் ஆடினால் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். பல வீல்செயாரில் 608 என்ற இலக்கம் இருக்கும், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர்.

பிறகு சமதரையில் நான்கு சக்கரமும் தொடுகின்றனவா, மூன்று மீற்றர் தள்ளிவிட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, வெல்டிங் பிடித்த இடத்தில் முடிபோல வெடிப்பு உண்டா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் கைப்பிடியில் பச்சை நாடா. பச்சை நாடா இல்லாத எதுவும், யார் சிபாரிசில் வந்தாலும், வாசலைத் தாண்டக்கூடாது.

ஊன்றுகோல், வோக்கருக்கு அடி றப்பர்தான் உயிர். பாசி பிடித்த படிக்கட்டில் தேய்ந்த றப்பர் ஆளை விழுத்தும். குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். 19, 22, 25 மில்லிமீற்றர் அதிகம் தேவைப்படும். காது கருவியின் பற்றரியைக் கழற்றி, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வையுங்கள். செவிப்புலன் பரிசோதகர் அமைத்துத் தராமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். மின்சார வீல்செயார் வந்தால் அதன் ஈய பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணாவிட்டால் செத்துவிடும். அதற்கு ஆள் இல்லையென்றால் வாங்காமலிருப்பதே நல்லது.

போன பிறகு

முதல் மாதம் போனில் ஒரு கோல், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கேட்பது மூன்றே கேள்வி: பாவிக்கிறீர்களா, எங்கே இருக்கிறது, என்ன உடைந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன மகளோடு அம்மாவும் போயிருப்பார், வீல்செயார் மேல்லயத்து உறவினரிடம் இருக்கும். திட்டாமல் புதிய ஆளின் பெயரை அடுத்த வரியில் எழுதுங்கள். திட்டினால் அடுத்த தடவை உண்மை வராது. முற்பணம் வாங்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது முதலில் தடுப்பது தேவை அதிகமுள்ளவரைத்தான்.

பாவித்தவர் இறந்துவிட்டால் கருமாதி முடியும்வரை கேட்க வேண்டாம். பிறகு ஒருவர் நேரில் போய், கொப்பியில் உள்ள பாகங்களை அங்கேயே எண்ணிச் சரிபார்த்து, ஆட்டோவில் ஏற்றுமுன் சாக்கில் கட்டிவிட வேண்டும்.

திருத்த முடியாததைப் பாகத்துக்காகக் கழற்றும்போது எது எந்த எண்ணுக்குப் போனது என்று கொப்பியில் இரண்டு எண்ணின் பக்கத்திலும் எழுதுங்கள். வெறும் சட்டத்தைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் எண் தகடு இருந்தால் கழற்றி, திகதியோடு கொப்பியில் அதன் பக்கத்திலேயே கட்டி வையுங்கள்.