தோட்டத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு உதவுவது எப்படி?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத் தோட்டங்களில் நாய் வளர்ப்பது காவலுக்கு. குட்டியில் கட்டிய சங்கிலியைப் பலர் அப்புறம் அவிழ்ப்பதே இல்லை. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும், தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராததும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். இதைச் சொல்லி யாரை மிரட்டுவது? தோட்டக்காரர் சம்மதித்தால்தான் வேலை நடக்கும்.

போவதற்கு முன்

வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: 0, 7, 21 (அல்லது 28) ஆம் நாட்களில் மூன்று தவணை. போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் நாள்

கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். “ஏனுங்கண்ணா, இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. “நாய்க்கு ஊசி போட்டாச்சுங்களாண்ணா? நாங்க ஏற்பாடு பண்ணித் தர்றோம்” என்று கேளுங்கள். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு படம் வாட்ஸ்அப்பில் போனால் அந்தத் தோட்டம் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் கதவைச் சாத்திவிடும்.

நாயைத் தொடாதீர்கள். அது நடந்து நடந்து மண் தேய்ந்த வட்டம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு வெளியே நில்லுங்கள்.

தண்ணீர்

15 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும், சித்திரை வெயிலில் அதுபோல் இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் பேசினைக் கடித்துவிடும், அலுமினியச் சட்டியைச் சங்கிலி கவிழ்த்துவிடும். சின்ன சிமெண்ட் தொட்டியை நிழலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்து வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் கொசுப்புழு வைக்கும்.

சங்கிலி

“அவுத்து உட்டா கோழியப் புடிக்குது” என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். அதனால் அவிழ்க்கச் சொல்வதைவிட, ஓடுகம்பி, அதாவது நாயின் சங்கிலி நகர்ந்து போகும்படி இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி, கட்டித் தருவது எளிதில் நடக்கும்.

30 அடி இடைவெளியில் இரண்டு உறுதியான கம்பங்கள். 7 அடி உயரத்தில் 5 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப். கட்டுக்கம்பி வேண்டாம், நாய் இழுக்கிற இழுப்பில் அறுந்துவிடும். கம்பியில் ஒரு வளையம், அதில் 10 அடி நீளமுள்ள எடை குறைந்த சங்கிலி, இரு முனையிலும் சுழலும் கொக்கி. சுழலாத கொக்கி போட்டால் சங்கிலி முறுக்கிக்கொண்டு நாளடைவில் பாதியாகக் குறுகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த வேலையில்தான். கம்பத்தைச் சுற்றிச் சங்கிலி சிக்காமல் இருக்க, நாய் கம்பத்தை எட்டாத தூரத்தில் கம்பியின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு வளையத்தைத் தடுக்க வேண்டும். 10 அடி சங்கிலிக்கு அது கம்பத்திலிருந்து 10 அடியாவது இருக்கட்டும். நாய்க்கு எட்டும் தூரத்தில் கிணற்று மேடு, வேலி, சுவர் எதுவும் இருக்கக் கூடாது. தாண்டிக் குதித்தால் தூக்கில் தொங்கிவிடும்.

கழுத்துக்கு ஓர் அங்குல அகல நைலான் பெல்ட். இரண்டு விரல் நுழைய வேண்டும்.

ஒதுங்க இடம்

தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில், ஹாலோ பிளாக் மேல் பலகை. அதன்மேல் சாக்கு விரித்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உண்ணியும் சேரும். காய்ந்த வைக்கோல் போடுவது நல்லது. சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தோட்டக்காரரையே கேட்டு, வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பூச்சிமருந்து வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் கூண்டாக்காதீர்கள்.

உண்ணியும் புண்ணும்

பயிருக்கு அடிக்கும் மருந்தை உண்ணிக்கென்று நாய்மேல் தடவும் வழக்கம் உண்டு. நாய் நக்கிச் செத்துப்போகும். மாட்டு மருந்தையும் அளவு தெரியாமல் பூசக் கூடாது. நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் வாங்குங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். கழுத்துச் சதைக்குள் புதைந்த கயிற்றை நீங்களே பிடுங்காதீர்கள், அதற்கு மயக்க ஊசி தேவைப்படும். கொண்டுபோக வழியில்லாத இடமென்றால் 1962-க்கு அழைத்து, கால்நடை ஆம்புலன்ஸ் வருமா என்று கேளுங்கள்.

மறுபடி போகும்போது

இரண்டு வாரத்தில் போய்ப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கும், முடுக்குங்கள். வளரும் குட்டியாக இருந்தால் பெல்ட்டை வாராவாரம் தளர்த்தும் பொறுப்பை அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் ஞாபகமாகச் செய்வார்கள்.