டைமிங் பெல்ட் அறுந்துவிட்டதா? ஹெட்டை இறக்குவதற்கு முன் காற்றடித்துப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைந்து, திரும்ப செல்ஃப் அடித்தால் வழக்கமான திணறல் இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றுகிறதா? பெரும்பாலும் டைமிங் பெல்ட்தான், அதாவது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்து ஓட்டும் பல் பெல்ட். அது அறுந்தால் திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதி வால்வு வளையலாம். சாவியை விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும், ஆனால் அதுவரை தப்பித்திருந்த வால்வும் அதில் வளையலாம். (வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், இன்ஜின் சூடேறலாம், ஆனாலும் உடனே அணையாது.)

மேல் கவரைக் கழற்றினால் பெல்ட் தெரியும். முழுசாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், கீழே கிராங்க் பல்சக்கரத்தின் பக்கம் மட்டும் பல் உதிர்ந்திருக்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு கிராங்கை சாக்கெட் போட்டு மெதுவாகக் கொஞ்சம் திருப்புங்கள். கேம் அசையவில்லை என்றால் சந்தேகமே இல்லை. எங்காவது முட்டினால் அதோடு நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம்.

சில இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதவே வழியில்லை. புது பெல்ட் போட்டால் ஓடிவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். டீசல் என்றால் அநேகமாக மோதும் வகைதான்.

ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதி) உடனே இறக்க வேண்டியதில்லை, அதற்கு முன் காற்றுச் சோதனை. நேராக நிற்கும் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்குச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, துளைக்குள் மெல்லிய மரக்குச்சியை விட்டு, நாலு பிஸ்டனும் ஒரே ஆழத்தில் நிற்கும்வரை கிராங்கைத் திருப்புங்கள். இப்போது எல்லாமே பாதி இறக்கத்தில், வால்வை முட்டாது. அப்புறம் கேமைத் திருப்பி, முதல் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும்படி வையுங்கள். ஸ்பிரிங் தள்ளி கேம் டக்கென்று தானாகத் திரும்பும், விரல் பத்திரம். வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கிராங்கில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு பார் அழுத்தத்தில் காற்று கொடுங்கள்.

இனி காதுதான் வேலை செய்ய வேண்டும். ஆயில் மூடிப் பக்கம் லேசான உஸ் சத்தம் எந்த இன்ஜினிலும் உண்டு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வு கசிகிறது, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்கும் அல்லது ஹெட்டில் விரிசல். நாலு சிலிண்டரையும் இப்படியே பாருங்கள்.

எங்கும் சீறவில்லையா, அதிர்ஷ்டம்தான். கிராங்க் பாதியில் இருக்கும்போதே கேமை அதன் பல்சக்கரத்தில் போட்டிருக்கும் டைமிங் குறிக்குக் கொண்டுவந்து, பிறகு கிராங்கை அதன் குறிக்குத் திருப்பி, டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாக மாட்டி பெல்ட் போடுங்கள். பழைய பெல்ட் ஏன் போனது என்று பார்க்காமல் புதிது போட்டால் அதே கதைதான்: இறுகிப்போன பம்ப் பேரிங், ஒழுகும் ஆயில் சீல் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேருகின்றனவா பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது.

சீறினால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே, மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்க அளவில்). இறுக்கும்போது நீளும் வகை போல்ட் என்றால் புதிதுதான் போட வேண்டும். கழற்றும் வால்வுகளை அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகி வையுங்கள், கலந்துவிட்டால் தலைவலி. தண்டைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். புது வால்வை வால்வு தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைத்து, போர்ட்டில் (வால்வுக்குப் போகும் காற்று வழியில்) மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள், கசியக் கூடாது. பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் லேசான தழும்பு இருந்தால் பரவாயில்லை. விரிசல் இருந்தாலோ, வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) உடைந்திருந்தாலோ வீட்டு வேலை அங்கே முடிந்தது, பட்டறைக்கு அனுப்புங்கள்.