தடித்த பர்ஸை இளைக்க வைப்பது எப்படி?

பர்ஸை மேசையில் வைத்தால் மூடிய நிலையில் கிடக்க வேண்டும். என்னுடையது ரொம்ப நாளாக வாயைப் பிளந்துகொண்டே இருந்தது. உள்ளே பணம் இருந்தாலாவது பெருமைப்படலாம். இருந்ததெல்லாம் பில்லும், காலாவதியான கார்டுகளும், யாருடையது என்றே தெரியாத ஒரு விசிட்டிங் கார்டும்தான்.

மூன்று முறை சுத்தம் செய்தேன், மூன்று முறையும் ஒரே மாதத்தில் மறுபடி தடித்துவிட்டது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது: வெளியே எடுத்த பொருள்களுக்கு வைக்க வேறு இடம் இல்லை, அதனால் திரும்ப பர்ஸுக்கே வந்துவிட்டன. அதனால் பர்ஸைத் திறக்கும் முன் இரண்டு கவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "பில்", இன்னொன்றில் "எப்போதாவது" என்று எழுதி, வீட்டில் கண்ணில் படும் ஒரு டிராயரில் வைத்துவிடுங்கள். சரி, இனி வேலையைத் தொடங்கலாம்.

1. எல்லாவற்றையும் கொட்டுங்கள்

பாதி எடுத்து பாதி விடுவது வேண்டாம். கார்டு அறைகளுக்குப் பின்னால் ஒளிந்த மடிப்பு இருக்கும், அங்கேயும் விரலை விட்டுப் பாருங்கள். என் பர்ஸில் அங்கிருந்து ஒரு பழைய சிம் கார்டு வந்தது.

2. முதலில் பில்கள்

தடிமனில் பெரும்பங்கு இதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போட முடியாது. திருப்பிக் கொடுக்க வாய்ப்புள்ளது, உத்தரவாதம் உள்ளது, அலுவலகத்தில் பணம் திரும்பப் பெற வேண்டியது ஆகிய மூன்று வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை கிழிபடட்டும்.

வைத்துக்கொள்ளும் பில்லின் ஓரத்தில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதால்தான் எழுத்து தெரிகிறது. அதே காரணத்தால் நாளாக ஆக வெளிறவும் செய்யும். வெயிலும் உடல் சூடும் அதற்கு எதிரி, சில பிளாஸ்டிக் உறைகளும்கூட. நான் ஒரு ஹெட்போன் பில்லை பர்ஸின் பிளாஸ்டிக் அறையில் பத்திரமாக வைத்திருந்து, பழுதானபோது கடையில் நீட்டினேன். விற்பனையாளர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் தாளா இருக்கே சார்" என்றார். அன்றிலிருந்து, பில் கைக்கு வந்த அன்றே மொபைலில் படம் எடுத்துவிடுவேன். அசலை "பில்" கவரில் போட்டுவிடுங்கள்.

3. கார்டுகள்

வங்கி கார்டு ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பார்க்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். பத்து சேர்ந்தால் ஏழரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், பர்ஸின் தோல் மடிப்புகள் தனி. ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, "இதைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தேன்?" என்று கேளுங்கள். "தேவைப்படுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனம் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

ஒரு மாதத்துக்குள் எடுத்திருந்தால் பர்ஸில் இருக்கலாம். இல்லையென்றால் "எப்போதாவது" கவர். நூலக அட்டை, கடைகளின் புள்ளிச் சலுகை அட்டை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் போகும். சலுகை அட்டைக்குப் பல இடங்களில் மொபைல் எண்ணோ செயலியோ போதும். தினமும் பயன்படுத்தும் ஒரு வங்கி கார்டு, அது வேலை செய்யாதபோது உதவ இன்னொன்று, ஓர் அடையாள அட்டை. எனக்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது.

காலாவதியான கார்டை முழுதாகத் தூக்கி எறியாதீர்கள். சிப், பின்பக்கக் காந்தப் பட்டை இரண்டின் குறுக்கேயும் கத்தரிக்கோலை ஓட்டி, துண்டுகளை வேறு வேறு நாளில் குப்பையில் போடுங்கள். பின் நம்பர் எழுதிய சீட்டு பர்ஸில் இருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள், இதில் விவாதத்துக்கே இடமில்லை.

4. பணம்

நோட்டுகளை ஒரே பக்கமாகத் திருப்பி, பெரியது பின்னால், சிறியது முன்னால். நாணயங்கள் பர்ஸுக்குள் வேண்டாம், தனியாகச் சின்ன ஜிப் பை போதும்.

5. காலி பர்ஸைத் துடையுங்கள்

கவிழ்த்துத் தட்டினால் விழும் தூசியைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். தோல் பர்ஸ் என்றால் லேசாக ஈரமான துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

6. திரும்ப அடுக்குதல்

பர்ஸைத் திறந்ததும் கட்டைவிரல் எங்கே போகிறதோ, அந்த அறையில் தினசரி கார்டு. அடையாள அட்டை உள்பக்கம், எளிதில் நழுவாத அறையில். முன்பு மூன்று கார்டு திணித்த அறையில் இப்போது ஒன்றை வைத்தால் வழுக்கி விழும், ஏனென்றால் விரிந்த தோல் பழையபடி சுருங்காது. அந்த மாதிரி அறையில் இரண்டு கார்டுகளைச் சேர்த்தே வையுங்கள்.

தொட்டுப் பணம் செலுத்தும் கார்டு இரண்டு இருந்தால், அவற்றை பர்ஸின் இரு பக்கங்களில் பிரித்து வைத்தாலும் பர்ஸோடு மெஷினில் நீட்டாதீர்கள். இந்தக் கார்டுகளில் பேட்டரி கிடையாது. உள்ளே விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கம்பிச்சுருள், மெஷினிடமிருந்தே மின்சாரம் பெறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் மெஷின் குழம்பி மறுக்கும், அல்லது நீங்கள் நினைக்காத கார்டிலிருந்து பணம் போகும். ஒன்றை வெளியே எடுத்துத் தொடுவதே நல்லது.

பின்பாக்கெட் பழக்கம் இருந்தால் அதையும் மாற்றப் பாருங்கள். தடித்த பர்ஸின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு அழுந்தி வலி வரலாம். கார்டும் வளைந்து வளைந்து விரிசல் விடும். நான் முன்பாக்கெட்டுக்கு மாறிய முதல் வாரம் பர்ஸைக் காணோம் என்று நாலு தடவை பதறினேன், அது பழகிவிடும்.

7. தொலைந்தால் என்ன செய்வது?

பர்ஸில் மீதமிருப்பவை கொஞ்சம்தான் என்பதால் பட்டியல் எழுத ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு கார்டுக்கும் வங்கியின் பெயர், கடைசி நான்கு இலக்கம், கார்டை முடக்க அழைக்க வேண்டிய எண். முழு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் வேண்டாம். அந்த உதவி எண் பெரும்பாலும் கார்டின் முதுகில்தான் அச்சாகியிருக்கும், கார்டு போனால் எண்ணும் சேர்ந்து போகும். அதனால் பட்டியலின் ஒரு நகல் டிராயரில், இன்னொன்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம்.

இனி வாரம் ஒருமுறை, துவைக்கப் போடும் துணியின் பாக்கெட்டைத் துழாவும்போது பர்ஸின் பில் மடிப்பையும் காலி செய்யுங்கள். இரண்டே நிமிடம். போன வாரம் என்னுடையதில் நாலு பில்லும் ஒரு பட்டனும் இருந்தன. எந்தச் சட்டையின் பட்டன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.