கோமாளி மீன் சோடி: வாங்கும் இடத்திலேயே நடக்கும் தவறுகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மீன் பெரும்பாலும் கொழும்பில் இருந்துதான் வரவேண்டும். ரெஜிபோம் பெட்டிக்குள், இரவு பஸ்ஸில், ஏ9 வீதியால். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுபோய் மாற்றுவது நடக்கிற காரியமில்லை. குஞ்சு எடுக்கும் எண்ணத்தோடு வாங்குபவர்கள் தெரிவு செய்யும் நேரத்திலேயே கவனமாக இருக்க வேண்டும்.

அதிகம் பேர் விடும் தவறு, கடையில் இருப்பதிலேயே பெரிய இரண்டைக் கேட்டு வாங்குவது. "அண்ணை, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தாங்கோ" என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதே தவறுதான். கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒன்றாக வாழும் கூட்டத்தில் பலம் கூடியது பெண்ணாகும், அதற்கு அடுத்தது ஆணாகும், மற்றவை இரண்டுக்கும் அடங்கி, வளர்ச்சி குன்றியே இருக்கும். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வரும். ஆனால் பெண்ணாகிவிட்ட மீன் திரும்ப ஆணாகாது. நன்றாக வளர்ந்த இரண்டை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருக்க நிறைய இடமுண்டு. அவற்றை ஒரு தொட்டியில் விட்டால் வாயோடு வாய் கவ்விச் சண்டை பிடிக்கும், கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகவே ஆணா பெண்ணா என்று தேடாமல் அளவைப் பாருங்கள். 5 சென்ரிமீற்றரில் ஒன்று, 3 சென்ரிமீற்றரில் ஒன்று. இரண்டும் இளசாக இருந்தால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். முட்டை கிடைக்க ஒரு வருடமோ அதற்கும் மேலோ ஆகலாம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் 'முட்டையிட்ட சோடி' என்று கூடிய விலைக்கு விற்பதை வாங்குகிறார்கள். அதை வாங்குவதில் பிழையில்லை, ஆனால் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டு நிற்பதால் மட்டும் அது சோடியாகிவிடாது. முட்டையோடு இருக்கும் ஓட்டுத் துண்டையோ கல்லையோ காட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். பெரியது கிட்ட வரும்போது சிறியது உடம்பைப் பக்கவாட்டில் சரித்து, தலையில் இருந்து வால் வரை நடுங்கிக் காட்டும். 'நான் உனக்கு அடக்கம்' என்பதற்கான அடையாளம் அது. சிறியது மேல்மூலையில் ஒதுங்கி, செட்டை கிழிந்து நின்றால் அது சோடியில்லை.

இனம் மாறிப்போவது அடுத்த பிரச்சினை. நீமோ என்று எல்லோரும் கேட்கும் ஓசெல்லாரிஸ் இலங்கைக் கடலுக்கு உரியதல்ல, வெளிநாட்டில் இருந்து வருவது. நம் கடலில் இருக்கும் கோமாளி மீன் இனங்கள் கிளார்க்கி, சேபே, நிக்ரிப்ஸ் போன்றவை. இங்கே கடலில் பிடித்த கிளார்க்கி ஒன்றையும் வெளிநாட்டில் இருந்து வந்த ஓசெல்லாரிஸ் ஒன்றையும் சோடி சேர்க்கப் பார்ப்பது வீண்வேலை. கிளார்க்கி பெரிதாக வளரும், முரட்டு மீனும்கூட. ஓசெல்லாரிஸும் பெர்குலா என்ற இன்னொரு கோமாளி மீன் இனமும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சேர்ந்து குஞ்சும் பொரிக்கும், ஆனால் அந்தக் கலப்புக் குஞ்சுகளை வாங்குபவருக்கு எந்த இனம் என்று நேர்மையாகச் சொல்ல முடியாது. முதுகுச் செட்டையின் முள்ளை எண்ணினால் ஓசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்கு 10. கறுப்பு ஓசெல்லாரிஸ் அதே இனத்தின் வேறு நிறம்தான், அதைச் செம்மஞ்சள் ஓசெல்லாரிஸோடு சேர்க்கலாம். மரூன் என்ற கோமாளி மீன் வகையை முதன்முதலாக முயற்சி செய்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது, அதன் பெண் ஆணைக் கொன்றுவிடக்கூடியது.

உடல்நிலையைப் பார்க்காமல் நிறத்துக்கு மயங்குவதும் உண்டு. பணம் கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னாலேயே இரை போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன் வேண்டாம். தொட்டியில் பிறந்த மீன் என்றால் செவுள் மூடி முழுதாக இருக்கிறதா, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கோடு குறைவாக இருப்பது பெரிய குறையில்லை, தாடைக் கோணல் குறைதான். மூச்சு வேகமாக வாங்கி, தோலில் சளி படலமாக உரிந்தால் அது புரூக்லினெல்லா. கடலில் பிடித்த கோமாளி மீன்களை அதிகம் பிடிக்கும் நோய், ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பவளத் தொட்டியில் விடாமல் 4 கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். நோய் வந்தாலும் அங்கேதான் ஃபார்மலின் மருந்து கொடுக்க முடியும், பவளம் உள்ள தொட்டியில் முடியாது.

பிரதான தொட்டிக்கு மாற்றும்போது சிறியதை முதலில் விடுங்கள். பெரியதைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் ஒரு கிழமை மிதக்க வைத்துப் பிறகு திறந்துவிடுங்கள். சோடி சேர்ந்த பிறகு 'தனியாக நிற்கின்றன' என்று இரக்கப்பட்டு மூன்றாவதை வாங்கிவிடாதீர்கள், அதைச் சாகும்வரை கலைத்துக் கடிக்கும். கடலில் கோமாளி மீன் குடியிருக்கும் அனிமோன் என்ற உயிரி இல்லாவிட்டால் முட்டையிடாது என்பதும் பிழையான எண்ணம். கவிழ்த்து வைத்த மண்சட்டியோ ஒரு ஓட்டுத் துண்டோ போதும்.

எங்கள் ஊர் வெயிலை மறந்துவிட்டு மீனைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி 30 பாகையைத் தாண்டும். சோடி 26 முதல் 28க்குள் நின்றால்தான் ஒழுங்காக முட்டையிடும். தண்ணீரின் மேல் சிறிய மின்விசிறி வையுங்கள், ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டிய தண்ணீர்) ஊற்றுங்கள். கேத்தலில் வெள்ளையாகப் படியும் கிணற்றுத் தண்ணீர் இதற்கு உதவாது.

முதல் சில தடவை முட்டைகளைச் சோடியே தின்றுவிடும். ஆண்தான் சரியில்லை என்று அவசரப்பட்டு அதை மாற்ற வேண்டாம். இளம் சோடிகள் பலவும் அப்படித்தான் தொடங்கும். நான்கைந்து தடவைக்குள் ஆண் முட்டைக்குப் பக்கத்தில் நின்று செட்டையால் விசிறப் பழகிக்கொள்ளும். புதிய ஆணைக் கொண்டுவந்து விட்டால் பெண் அதை ஏற்பதற்கு மாதங்கள் போகலாம், ஏற்காமல் கொன்றும் விடலாம்.